ஸபாத்தோவும் சப்பாத்தும்

போன மாதம் விரிஞ்சிபுரம் போயிருந்தபோது, ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேக்கிங் பார்க்கிற சித்தப்பா மகன் ஒரு காலி அட்டைப்பெட்டியை நீட்டி, "இது இன்னா பாஷைண்ணா?" என்றான். ஓரத்தில் 'ஸபாத்தோஸ்' என்று இருந்தது. ஸ்பானிஷ். ஒருமையில் ஸபாத்தோ, அதாவது ஷூ.

சட்டென்று ஆபீஸில் கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர் நினைவுக்கு வந்தார். அவர் ஷூவைச் 'சப்பாத்து' என்றுதான் சொல்வார். அவ்வளவுதான், "ஸ்பானிஷுக்கே நாம்தான் சொல் கொடுத்திருக்கோம்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். மறுநாள் நானே மறுப்பும் போடவேண்டியதாயிற்று.

விஷயம் நேர்மாறு. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோடு பக்கம் வந்து இறங்குவதற்கு முன்பே ஸ்பெயினில் இந்தச் சொல் புழங்கியிருக்கிறது. இத்தாலியில் பழைய செருப்புக்குச் 'சபாத்தா' என்று பெயர் (அதே பெயரில் தட்டையான ஒரு ரொட்டியும் உண்டு). பிரெஞ்சில் 'சவாத்'. இவற்றுக்கெல்லாம் மூலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் முடிவில்லை. ஆனால் நமக்கு வந்த வழி தெளிவு. 1505இல் இலங்கைக்கு வந்த போர்ச்சுகீசியர் கொண்டுவந்த 'சப்பாத்து' அது. எழுத்தில் 'ஸபாத்தோ' மாதிரி இருந்தாலும், போர்ச்சுகலில் கடைசி 'ஓ' 'உ' போலத்தான் ஒலிக்கும். நாம் 'ப்ப', 'த்த' என்று இரட்டித்து எழுதுவதும் காரணமாகத்தான். ஒற்றை எழுத்து போட்டால் தமிழ் வாயில் வல்லோசை மெலிந்துவிடும். சிங்களத்தில் 'சபத்து', மலாயில் 'செபாத்து', எல்லாம் அதே கப்பல் சரக்கு. பிலிப்பைன்ஸின் 'சபாத்தோஸ்' மட்டும் நேராக ஸ்பானிஷிலிருந்து போனது. அலமாரி, ஜன்னல், சாவி என்று போர்ச்சுகீசியத்திலிருந்து நாம் வாங்கியது நிறைய. வாங்கினால் என்ன குறைச்சல்? காலில் போடுகிற தோலுக்கு 'தொடுதோல்' என்ற சொல் பெரும்பாணாற்றுப்படையிலேயே இருக்கிறது. தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

சரி, ஸ்பானிஷ்காரர் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்? ஸபாத்தோ என்றால் பொதுவாக மூடிய ஷூ. 'ஸபாத்தீயா' என்றால் ஸ்போர்ட்ஸ் ஷூ, வீட்டுச் செருப்பு. 'ஸபாத்தேரோ' ஷூ தைப்பவர். 2004 முதல் 2011 வரை ஸ்பெயின் பிரதமராக இருந்தவரின் குடும்பப் பெயரும் அதுவே. மெக்சிகோவில் முதலெழுத்து நம் 'ஸ'. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்தது 'ஸபாத்தா'. பைக்கின் பிரேக் ஷூவுக்கும் அதே பெயர், வீடு கட்டும்போது தூணுக்கு அடியில் போடும் ஃபுட்டிங்குக்கும் அதே பெயர். தம்பியிடம் சொன்னேன். "அப்போ எங்க கம்பெனி பில்டிங்கும் ஷூ போட்டுக்கினுதான் நிக்குது" என்றான்.