ஓய்வு தராத தீவு

கேரியகூவில் வீடு வாங்குகிறவர் முதலில் வேலியைத்தான் பார்க்க வேண்டும். கடல் எங்கே நின்றாலும் தெரியும். அதற்கென்று தேடி அலைய வேண்டியதில்லை. ஜூனில் மழை தொடங்கியதும் தீவில் மக்காச்சோளமும் துவரையும் விதைப்பார்கள். அப்போது ஆடு மாடுகளைக் கட்டித்தான் வைத்திருக்க வேண்டும். அறுவடை முடிந்து வறட்சிக் காலம் பிறந்தால் அவிழ்த்துவிடுவார்கள். அடுத்த மழை வரைக்கும் அவை நுழையாத இடம் கிடையாது. இங்கிலாந்தில் காலமெல்லாம் உழைத்துக் களைத்தவர், இனி ரோஜாச் செடி வைத்து அழகு பார்க்கலாம் என்று வந்திருப்பார். ஒருநாள் விடிந்து பார்த்தால் தோட்டம் மொட்டையாக நிற்கும். ஆட்டுக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது. ஊர் வழக்கப்படி, தப்பு வேலி போடாதவர் மேல்தான்.

கேரியகூ, கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில் கிரெனடா நாட்டுக்குச் சொந்தமான சின்னத் தீவு. மொத்தப் பரப்பே சுமார் 34 சதுர கிலோமீட்டர். ஆறு இல்லை, தோட்டத் தொழில் படுத்த பிறகு பெரிதாகச் சொல்லும்படியான வேலையும் இல்லை. ஆகவே பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஒரு காலத்தில் டிரினிடாடுக்கும் அரூபா தீவின் எண்ணெய் ஆலைக்கும் போனார்கள். 1950களிலும் 60களிலும் ஒரு பெருங்கூட்டம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள ஹடர்ஸ்பீல்டில் போய் இறங்கியது. கம்பளி ஆலைகளின் ஊர் அது. இன்னொரு கூட்டம் நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனது. போனவர்களில் பலர் வயதான பிறகு திரும்பி வந்து, அங்கிருந்து அனுப்பிய பணத்தில் எழும்பிய வீட்டில் குடியேறுகிறார்கள்.

கரீபியனில் ஓய்வுக்காலம் என்றதும் விளம்பரங்கள் காட்டுவது ஊஞ்சல் படுக்கையும் இளநீரும்தான். அதை நம்பி வருகிறவர்கள் கேரியகூவில் ஏமாந்து போவார்கள் என்பது என் எண்ணம். திரும்பி வருகிற கிழவருக்கும் கிழவிக்கும் இந்தத் தீவு ஏற்கெனவே ஒரு வேலை ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த வேலையின் பெயர் செலவு செய்வது.

இங்கே ஒருவர் இறந்தால், அடக்கத்தோடு காரியம் முடிவதில்லை. மூன்றாம் இரவு, ஒன்பதாம் இரவு, நாற்பதாம் இரவு என்று நீளும். கல்லறைக் கல் உடனே வைக்கப்படாது. குடும்பம் பணம் சேர்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வந்து சேர வேண்டும். அதற்குப் பல வருஷம் ஆனாலும் ஆகும். பிறகு ஆடு அறுத்து, ஊரைக் கூட்டிச் சமைத்து, ரம்மும் தண்ணீரும் தெளித்துக் கல்லை நடுவார்கள். சில நேரம் செத்துப்போன பாட்டி யாராவது ஒருவர் கனவில் வந்து பசிக்கிறது என்பாள். விருந்து வைத்தே ஆக வேண்டும். அந்த விருந்தில் முன்னோருக்கென்று ஒரு தட்டுச் சோறு தனியாக எடுத்து மேசையில் வைக்கப்படும். நம் ஊர் படையல் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விருந்தின் உச்சம் ‘பிக் டிரம்’ ஆட்டம். ரம் பீப்பாய்களில் செய்த மேளங்கள் முழங்கும். ஆப்பிரிக்காவில் எந்த இனத்திலிருந்து தங்கள் முன்னோரைப் பிடித்து வந்தார்கள் என்பதைத் தந்தை வழியாக நினைவில் வைத்திருப்பது இந்தத் தீவின் அதிசயம். குரோமான்டி, இக்போ, காங்கோ, டெம்னே என்று ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பாட்டும் தாளமும் உண்டு. அமெரிக்க நாட்டுப்புற இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் 1962இல் இங்கே வந்து இவற்றை ஒலிப்பதிவு செய்துகொண்டு போனார். ஹடர்ஸ்பீல்டில் பிறந்து வளர்ந்த பேரன் லீவுக்கு வந்து நின்றாலும், அவனுக்கென்று ஒரு தாளம் இங்கே இருக்கிறது.

வெள்ளைக்கார ஓய்வூதியருக்கு அப்படி ஒன்று இல்லை. டிரல் பே விரிகுடாவில் பாய்மரப் படகை நங்கூரமிட்டு, பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிடுகிற ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் உண்டு. நிலம் வாங்க அயல்நாட்டவர் தனி அனுமதி பெற வேண்டும். அது காகித வேலை, முடிந்துவிடும். கடைக்குள் நுழைந்ததும் முகமன் சொல்லாமல் விலை கேட்பதுதான் பெரிய குற்றம். பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருப்பது அதைவிடப் பெரிய குற்றம். (ஜாக் அயர்ன் என்கிற உள்ளூர் ரம்மில் போட்ட பனிக்கட்டி மிதக்காது, அடியில் போய் உட்கார்ந்துவிடும். வந்த புதிதில் அதோடு போட்டி போட வேண்டாம்.)

சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை வேடிக்கை பார்க்கப் போகலாம். முகமூடியும் வண்ண உடையும் அணிந்த ஆண்கள் எதிரெதிரே நின்று ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீஸர்’ வசனங்களைப் போட்டி போட்டு ஒப்பிப்பார்கள். தடுமாறினால் எதிராளியிடம் சாட்டையடி விழும். லண்டனில் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள்கூட அந்த மேடைக்குத் துணிய மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் வேடிக்கை எதுவும் இல்லை. ஆறில்லாத தீவில் கூரையில் விழுகிற மழைதான் பெரும்பாலும் குடிநீர். கூரையிலிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்கு வரும். தொட்டியின் அளவுதான் கோடையைத் தாண்டுவோமா என்பதைத் தீர்மானிக்கும். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கடும் காற்றோடு கேரியகூவைக் கடந்தது. தீவில் சேதமாகாத கட்டடம் அபூர்வம். கூரை பறந்த வீட்டில் அடுத்த மழையைப் பிடிக்க வழியில்லை. இருக்கிற தொட்டியிலும் குப்பை. மொத்தச் சேமிப்பையும் ஒரே வீட்டில் போட்ட எழுபது வயதுக்காரர் மறுபடி தகரம், மரம், ஆணி என்று கணக்கு எழுத வேண்டியதாயிற்று. எல்லாமே கப்பலில் வர வேண்டிய சாமான்கள்.

இந்தக் கணக்கில் இங்கிலாந்திலிருந்து திரும்பியவர்களுக்கு இன்னொரு இடி உண்டு. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம், பெறுபவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதைப் பொறுத்தது. ஜமைக்காவிலோ பார்படோஸிலோ குடியேறினால் வருஷா வருஷம் உயரும். அந்த நாடுகளோடு ஒப்பந்தம் இருக்கிறது. கிரெனடாவோடு இல்லை. கேரியகூவுக்கு வந்த நாளில் வாங்கிய தொகையே கடைசி வரைக்கும். புரூக்ளினிலேயே தங்கிவிட்ட அண்ணனுக்கு இங்கிலாந்து ஓய்வூதியம் இருந்தால் அது ஏறும், ஊருக்குத் திரும்பிய தம்பிக்கு ஏறாது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2010இல் கைவிரித்துவிட்டது. இந்தியாவும் இலங்கையும் ஓய்வூதியம் உயராத இதே பட்டியலில்தான் இருக்கின்றன. லண்டன் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்துவிட்டு மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்ப நினைக்கிற நர்ஸ், விமான டிக்கெட் எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.