எப்வோர்த் இல்லத்தின் தாய்

மக்களுக்குத் தாய் வழங்கக்கூடிய செல்வங்களுள் தலையாயது எது என்னும் வினா எக்காலத்துக்கும் உரியது. பொருள் நிறைந்த இல்லங்களில் இதற்கு விடை காண்பது எளிதெனத் தோன்றலாம். ஆயினும், கடனும் துன்பமும் நீங்காத ஓர் இல்லத்திலிருந்து வந்த விடையே கிறிஸ்தவ உலகில் நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வருகின்றது. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், லிங்கன்ஷயர் மாநிலத்து எப்வோர்த் என்னும் சிற்றூரில் அமைந்த குருமனையே அவ்வில்லம். அங்கு வாழ்ந்த சூசன்னா வெஸ்லி அம்மையார், மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லிக்கும், ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றிய சாள்ஸ் வெஸ்லிக்கும் அன்னையாவார்.

அம்மையார் 1669ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தார். கல்வியிற் சிறந்த போதகரான சாமுவேல் அன்னஸ்லியின் இருபத்தைந்து மக்களுள் இவரே கடைக்குட்டி. 1688இல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். அவர்களுக்குப் பத்தொன்பது மக்கள் பிறந்தனர் என்பர். அவர்களுள் ஒன்பதின்மர் சிசுப்பருவத்திலேயே மாண்டனர். 1705ஆம் ஆண்டில் பிறந்த குழந்தை ஒன்று, அயர்ந்து உறங்கிய தாதியின் உடலின்கீழ் அகப்பட்டு மூச்சடங்கியது. இத்தகைய இழப்புகளைத் தாங்கியவாறே எஞ்சிய மக்களை அவர் வளர்த்தார்.

கணவரும் மனைவியும் அன்புடையோர். எனினும் இருவரும் தத்தம் கொள்கையில் உறுதி மிக்கவர். மூன்றாம் வில்லியம் மன்னருக்காகக் கணவர் ஏறெடுத்த ஜெபத்துக்கு அம்மையார் ஆமென் கூறவில்லை. நாட்டை விட்டுச் சென்ற இரண்டாம் ஜேம்ஸே முறையான மன்னர் என்பது அவர் கருத்து. இதனால் சினமுற்ற கணவர் 1702இல் சிலகாலம் அவரைப் பிரிந்து வாழ்ந்தார். இருவரும் மீண்டும் இணைந்த பின்னர், 1703இல் பிறந்த குழந்தையே ஜோன். மனச்சான்று வேறுபட்ட இடத்தும் மணவாழ்வு முறிந்துபோக வேண்டியதில்லை என்பதற்கு அக்குழந்தையே சான்றாக அமைந்தது.

கடன் அவ்வில்லத்தை விட்டு அகலவேயில்லை. 1705இல், முப்பது பவுணுக்கும் குறைந்த கடனுக்காகச் சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாமையால் அம்மையார் தம் மோதிரங்களைக் கழற்றி அவருக்கு அனுப்பினார்; அவரோ அவற்றைத் திருப்பியனுப்பிவிட்டார். உணவுக்குக் குறைவுண்டா என யோர்க் பேராயர் வினவியபோது, உணவு முற்றாக இல்லாதிருந்ததில்லை என்றும், உண்பதற்கு முன் அதைத் தேடுவதும் உண்டபின் அதற்கு விலை கொடுப்பதும் பெருந்துன்பமாயிருந்தன என்றும் அம்மையார் விடையிறுத்தார்.

இந்நிலையிலும் கல்வி தடைப்படவில்லை. குருமனையே பள்ளிக்கூடமாயிற்று. காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரையும், பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து வரையும் தாயே ஆசிரியை. ஐந்து வயது நிறைந்த மறுநாள் குழந்தைக்கு எழுத்தறிவித்தல் தொடங்கும். பெரும்பாலோர் ஒரே நாளில் எழுத்துகளைக் கற்றனர்; இருவருக்கு ஒன்றரை நாள் சென்றது. பெண்பிள்ளை நன்கு வாசிக்கப் பழகும்வரை தையல் முதலிய வேலைகளில் அவளை ஈடுபடுத்தலாகாது என்பது அவ்வில்லத்து விதி. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அடி இல்லை. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை இல்லை. ஓர் ஊசி அளவான பொருளாயினும் பிறர் உடைமையைத் தொடலாகாது.

1709ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஓரிரவு குருமனை தீக்கிரையாயிற்று. கருவுற்றிருந்த அம்மையார் தீயினூடே நடந்து வெளியேறினார். மாடியில் அகப்பட்டிருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஜோன், ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி நின்ற அயலவரால் சாளரத்தின் வழியே மீட்கப்பட்டான். அதன்பின் பிள்ளைகள் பல இல்லங்களில் பிரிந்து வாழ நேர்ந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது பழைய ஒழுங்கு சிதைந்திருந்தது. எல்லோரையும் ஒருங்கு வைத்துக் கற்பித்தல் மட்டும் போதாது என்பதற்கு அச்சிதைவே அறிகுறி. அக்குறையை நீக்கும் வழியை அவருக்குக் காட்டியது தமிழகத்தைப் பற்றிய ஒரு நூல் என்பது வியப்புக்குரியது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் முதலிய டேனிய மிஷனரிமாரின் பணிகளை விவரிக்கும் ஆங்கில வெளியீடு ஒன்று சாமுவேலின் படிப்பறையில் இருந்தது. மூத்த மகள் எமிலி அதனை எடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். தாம் ஆண்மகனுமல்லர், குருவுமல்லர். ஆயினும் இப்போது செய்வதிலும் அதிகமாகத் தம்மாற் செய்ய இயலும் என்ற எண்ணம் அம்மையார் உள்ளத்தில் எழுந்தது. தொலைநாட்டுக்குச் செல்ல இயலாத தாய், தம் பிள்ளைகளிடத்திலேயே அப்பணியைத் தொடங்கினார். ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனித்துப் பேச நேரம் ஒதுக்கினார். திங்கள் மொலிக்கும், செவ்வாய் ஹெட்டிக்கும், புதன் நான்சிக்கும், வியாழன் ஜோனுக்கும், வெள்ளி பட்டிக்கும், சனி சாள்ஸுக்கும் உரியன. ஞாயிற்றுக்கிழமை எமிலிக்கும் சூக்கிக்கும் உரியது.

அதே நூலின் தூண்டுதலால், கணவர் இலண்டன் சென்றிருந்த காலத்தில், ஞாயிறு மாலைகளில் வீட்டாருக்கு அவர் பிரசங்கங்களை வாசித்தார். அயலவரும் வந்து சேர, கூட்டம் ஏறத்தாழ இருநூறாகப் பெருகியது. துணைக்குரு முறையிட்டதனால், அதனை நிறுத்துமாறு கணவர் எழுதினார். விருப்பமாகக் கூறுதல் போதாது, வெளிப்படையான கட்டளையாகவே எழுதவேண்டும் என அம்மையார் பணிவும் உறுதியும் கலந்து மறுமொழி விடுத்தார். அக்கட்டளை வரவேயில்லை.

அவ்வில்லத்தைக் குறையற்றதெனக் கூறுதல் உண்மையாகாது. ஒரு வயது நிறைந்ததுமே பிரம்புக்கு அஞ்சி ஓசையின்றி அழப் பழக்கிய முறையை இன்றைய கல்வியாளர் ஏற்கமாட்டார். கவித்திறன் வாய்ந்த மகள் ஹெட்டி தவறிழைத்தபோது, தந்தை அவளை மன்னிக்கவில்லை. 1725இல் நடந்த அவளுடைய திருமணமும் இன்பமாக அமையவில்லை. ஒழுங்கு மிகுந்த இல்லத்திலும் இரக்கம் குன்றினால் பிள்ளையின் வாழ்வு வாடும் என்பதற்கு அவள் கதை எச்சரிக்கை.

ஆயினும் பிள்ளைகள் மறவாதது பிரம்பை அன்று. 1732இல், ஒக்ஸ்போர்ட்டில் ஆசிரியராய் விளங்கிய ஜோன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். முன்னர் வியாழக்கிழமை மாலைகளில் தமக்களித்த அச்சிறு நேரத்தைத் தமக்காக மீண்டும் செலவிட இயலுமா எனக் கேட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் வேண்டியது அந்த நேரத்தையே.

அம்மையார் 1742ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலண்டனில் காலமானார். எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின், 1814இல், வெஸ்லியின் வழிவந்த மிஷனரிமார் காலித் துறைமுகத்தில் இறங்கினர். அவ்வாண்டிலேயே மட்டக்களப்பிலும், 1834இல் யாழ்ப்பாணம் வேம்படியிலும் அவர்களுடைய பள்ளிகள் எழுந்தன. தமிழ்க் கடற்கரையிலிருந்து சென்ற ஒரு செய்தி ஓர் ஏழைத் தாயின் உள்ளத்தைத் தொட, அவர் வளர்த்த மகனின் இயக்கம் தமிழ் பேசும் மக்களிடையே பள்ளிகளாய்த் திரும்பி வந்தது.

கடன் நிறைந்த வீட்டிலும் ஒரு மாலைப்பொழுதைப் பிள்ளைக்கென ஒதுக்க இயலும். அந்நேரத்தில் அப்பிள்ளை பலருள் ஒருவன் அல்லன். தாயின் முன் தனித்து நிற்கும் ஓர் உயிர். எப்வோர்த் இல்லம் தந்த விடை இதுவே.