ஒரே பக்கம், ஏன் இரு தோற்றம்?

புக்கிட் பாஞ்சாங்கின் அடுக்குமாடி வீட்டிலிருந்து அண்ணன், ஜொகூர்த் தோட்டத்தில் இருக்கும் தங்கையைத் தொலைபேசியில் அழைக்கிறார். "அந்த இணையத்தளத்தைத் திறம்மா. மேலே பட்டியல் இருக்கும். அதில் மூன்றாவதைத் தொட்டால் பிள்ளையின் விண்ணப்பப் படிவம் வரும்" என்கிறார். தங்கை தேடுகிறார். அவருடைய கைப்பேசியில் பட்டியலே இல்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாது அண்ணே, விடுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார். விண்ணப்ப நாளும் கடந்துபோகிறது. இப்படிப்பட்ட குடும்பங்களை நாம் அறிவோம். குறை அந்தத் தங்கையிடம் இல்லை. எங்கே இருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

இணையப் பக்கம் அச்சிட்ட தாளைப் போன்றதன்று. "இது தலைப்பு, இது பட்டியல்" என்னும் கட்டளைகளாகவே அது நம்மிடம் வந்து சேர்கிறது. அவற்றைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருளே உலாவி. குரோம், எட்ஜ் ஆகிய இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே இயந்திரம். சஃபாரிக்கு வேறொன்று, ஃபயர்ஃபாக்ஸுக்கு மற்றொன்று. ஒரே சமையல் குறிப்பைக் கொண்டு மூவர் குழம்பு வைத்தால் சுவை சற்று மாறுமல்லவா? அதுபோலத்தான் இதுவும். பழைய உலாவியானால், புதிய கட்டளை அதற்குப் புரியாமலே போகலாம்.

இத்தொல்லை தமிழுக்குப் புதிதன்று. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறின. அங்கே தமிழை ஏற்றப் பாடுபட்டவர் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. அக்காலத்தில் உரிய எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் தமிழ்ப் பக்கம் புரியாத குறிகளாகத் தெரியும். 1997இல் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்ப வழி செய்தன. ஆனால் ஒன்றின் முறை மற்றதற்கு ஒத்துவரவில்லை. ஒரே தளத்திற்கு இரண்டு எழுத்துருக் கோப்புகள் வேண்டியிருந்தன. பின்னர் யூனிகோடு என்னும் பொதுமுறை பரவியது. அந்தச் சிக்கல் தீர்ந்தது. பொதுவிதியை எல்லாரும் ஏற்றதே அதற்குக் காரணம்.

இன்று எழுத்து தெரிகிறது. வழிதான் சில வேளை மறைகிறது. ஏன்? கணினியில் சுட்டியை மேலே கொண்டுசென்றாலே விரியும் பட்டியல்கள் உண்டு. விரலால் தொடும் கைப்பேசியில் அவை விரியாமல் போகலாம். திரை சிறியதானால், பட்டியலை மூன்று சிறு கோடுகளுக்குள் மடக்கி வைப்பதும் வழக்கம்.

ஆகவே, பட்டியலைக் காணவில்லையென்றால் இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

முதலில், பக்கத்தின் மேல் மூலையில் மூன்று கோடுகள் உள்ளனவா என்று பார்த்துத் தொடுங்கள். இல்லையென்றால் கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். பக்கத்தின் அடிவரை இறங்கிப் பாருங்கள். பல தளங்களில் அங்கேயும் இணைப்புகள் இருக்கும்.

இரண்டாவதாக, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். உலாவி முன்பு சேமித்து வைத்த பழைய படியையே காட்டக்கூடும். அமைப்புகளுக்குச் சென்று, சேமித்த கோப்புகளை மட்டும் அழியுங்கள். கடவுச்சொற்களை அழித்துவிடாதீர்கள்.

மூன்றாவதாக, உலாவியைப் புதுப்பியுங்கள். அப்படியும் வரவில்லையா? வேறு இயந்திரம் உள்ள உலாவியில் திறந்து பாருங்கள். குரோமிலிருந்து எட்ஜுக்கு மாறினால் பெரும்பாலும் பயனில்லை, ஃபயர்ஃபாக்ஸில் பாருங்கள். நம் வட்டாரத்து ஐபோன்களில் உலாவி எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளே இயங்குவது சஃபாரியின் இயந்திரமே. எனவே அங்கே வேறு கருவியில் திறந்து பார்ப்பதே நல்லது.

தளம் அமைக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். 1994இல் டிம் பெர்னர்ஸ் லீ தொடங்கிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பொதுவிதிகளை வகுத்து வெளியிடுகிறது. அவற்றின்படி எழுதுங்கள். தொட்டாலும், விசைப்பலகையை அழுத்தினாலும் பட்டியல் திறக்க வேண்டும். மூன்று இயந்திரங்களிலும், விலை குறைந்த பழைய கைப்பேசி ஒன்றிலும் சோதித்த பிறகே வெளியிடுங்கள்.

எதுவும் பலிக்கவில்லையென்றால், கைப்பேசியின் வகை, உலாவியின் பெயர், எந்த இடத்தில் வழி நின்றது என்னும் மூன்றையும் எழுதித் தளத்தாருக்கு அனுப்புங்கள். சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். இதற்கெல்லாம் நேரம் வேண்டுமாதலால், கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே படிவத்தைத் திறந்து பாருங்கள்.

அண்ணன்மாருக்கும் ஒன்று சொல்வோம். "மூன்றாவதைத் தொடு" என்று சொல்வதற்கு முன்னே, "உன் திரையில் என்னம்மா தெரிகிறது?" என்று கேளுங்கள்.