சாவி யாரிடம் இருக்கிறது?

கல்லூரிகள் திறக்கும் நாட்களில் ஆர்.கே.பேட்டை பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். டிரங்க் பெட்டி, சுருட்டிய பாய், புது பக்கெட் சகிதம் நம் காலனிப் பிள்ளைகள் நிற்பார்கள். திருத்தணிக்கும் திருவள்ளூருக்கும் சென்னைக்கும் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறார்கள். தறியிலும் வயலிலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவோ அம்மாவோ கூட வந்திருப்பார்கள்.

விடுதியைப் பார்க்கும் பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். சாப்பாடு எப்படி? கட்டணம் உண்டா? பேருந்து இருக்கிறதா? நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தீப்பிடித்தால் என் பிள்ளை எந்த வழியாக வெளியே வரும்?

கேட்க வேண்டியிருக்கிறது. 2024 செப்டம்பர் 12 அன்று அதிகாலை, மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்த விஷயம் அதன் பிறகுதான் வெளியே வந்தது. அதற்கும் 20 ஆண்டுகளுக்கு முன்பு, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையலறைத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. கீற்றுக் கூரையும் ஒடுக்கமான படிக்கட்டும் அந்தப் பிள்ளைகளுக்குத் தப்ப வழி விடவில்லை. இரண்டு இடத்திலும் ஆபத்து முன்பே கண்ணுக்குத் தெரிந்தது. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை.

விடுதி என்பது நமக்கு வெறும் தங்கும் இடம் அல்ல. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்கு 1917இல் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பெயரை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. பிள்ளை படிக்க வேண்டுமானால் முதலில் அவனுக்குக் கூரை வேண்டும் என்பதை அவர் பட்டு அறிந்திருந்தார். இன்று நம் ஊரில் முதல் பட்டதாரி ஆகும் பிள்ளைகளில் பலர் நலவிடுதிச் சோற்றில் வளர்ந்தவர்கள். 2025 ஜூலையில் அரசு இந்த விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் சூட்டியது. வரவேற்கிறோம். ஆனால் பலகையை மாற்றினால் மட்டும் பூட்டு திறந்துவிடாது.

நாம் பார்த்தது

சில விடுதிகளுக்கு நாம் மாலை நேரத்தில் போயிருக்கிறோம். ஒரு விடுதியில் தீயணைப்புக் கருவி இருந்தது; அதன் முள் சிவப்பில் நின்றது. எப்படி இயக்குவது என்று கேட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். இன்னொன்றில் ஒரே காப்பாளர் இரண்டு விடுதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீது குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இரவில் அவர் எந்த விடுதியில் இருப்பார்?

மகளிர் விடுதி ஒன்றில் எட்டரை மணிக்கே இரும்பு கேட்டைப் பூட்டினார்கள். சாவி வாட்ச்மேன் இடுப்பில். “பொம்பளப் புள்ளைங்க சார், பாதுகாப்பு வேணாமா?” என்றார். வெளியாள் உள்ளே வராமல் பூட்டுவது பாதுகாப்பு. உள்ளே இருப்பவள் வெளியே வர முடியாமல் பூட்டினால் அதற்குப் பெயர் சிறை. தாழ்ப்பாள் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். அது முடியாத இடத்தில் இன்னொரு சாவி மாடியில் பிள்ளைகள் கை எட்டும் இடத்தில் தொங்க வேண்டும்.

விடுதியில் இருக்க வேண்டியவை

வெளியேற இரண்டு வழி. இரண்டிலும் பாய், சைக்கிள், உடைந்த கட்டில் அடைத்திருக்கக் கூடாது. ஜன்னல் கம்பிகளில் ஒன்றாவது உள்ளிருந்து திறப்பதாக இருக்க வேண்டும். தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்க வேண்டும். ஒரே பிளக்கில் அயர்ன் பாக்ஸும் வாட்டர் ஹீட்டரும் நாலு செல்போன் சார்ஜரும் தொங்கக் கூடாது. கேஸ் சிலிண்டர் படுக்கும் அறைப் பக்கம் இருக்கக் கூடாது. இரவில் யார் இருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று அன்றன்றே எழுதிய பதிவேடு வாசல் அருகே வேண்டும். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்க்க அந்த ஒரு நோட்டுதான் உதவும்.

தனியார் மகளிர் விடுதியில் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விடுதி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்வது நம் உரிமை.

பிள்ளைகளே, உங்களுக்கு

தீ விபத்தில் பலரைக் கொல்வது புகைதான். புகை மேலே நிற்கும். ஆகவே குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து வெளியேறுங்கள். ஈரத்துணியால் மூக்கைப் பொத்துங்கள். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்காதீர்கள். வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், தீ பரவுவது தாமதமாகும். மின் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். கேஸ் நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறங்கள். சான்றிதழ் எடுக்கிறேன் என்று யாரும் திரும்பி உள்ளே போகாதீர்கள். சான்றிதழுக்கு நகல் வாங்கலாம்.

தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112, பெண்களுக்கு 181, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 1098. இவற்றைச் சுவரில் எழுதி வையுங்கள். மனம் உடைந்து கிடக்கும் தோழனை இரவில் தனியாக விடாதீர்கள். 14416 எண்ணில் கட்டணமில்லாமல் மனநல ஆலோசனை கிடைக்கும். சாதி சொல்லி இழிவுபடுத்தினால், தாக்கினால் 14566. காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையை ‘காலையில் பார்க்கலாம்’ என்று படுக்க வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கும். அந்த நாட்களில் விடுமுறை என்று ஊருக்குக் கிளம்பும் பிள்ளை, வீட்டுக்குப் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஏப்ரல் 14

இவை எல்லாம் தாளில் இருந்தால் போதாது. ஒரு முறையாவது செய்து பார்த்திருந்தால்தான் இருட்டில் கால் தானாக வழி தேடும். அதற்கு ஒத்திகை வேண்டும்.

அதற்கு நாமே ஒரு நாள் சொல்கிறோம். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள். நாடு முழுவதும் தீயணைப்புத் துறைக்கும் அதே நாள்தான் நினைவு நாள். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களுக்காக அன்று தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறார்கள். பள்ளிகளுக்குப் போய்ச் செயல்முறை விளக்கம் தருகிறார்கள். வருகிற ஏப்ரல் 14க்கு நம் வட்டத்துச் சங்கங்களும் பெற்றோரும் பக்கத்து விடுதிக்கு அவர்களை அழைக்கச் சொல்லி, ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு இப்போதே மனு கொடுங்கள். காலையில் சிலைக்கு மாலை போடுவோம். மாலையில் விடுதி மணியை அடித்து, எத்தனை நிமிடத்தில் கடைசிப் பிள்ளை வாசலுக்கு வருகிறது என்று பார்ப்போம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரம் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பி வராதீர்கள். மாடி ஏறி ஒரு முறை சுற்றிப் பாருங்கள். இறங்கி வந்து காப்பாளரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: ராத்திரியில் சாவி யாரிடம் இருக்கிறது?