காளையின் கொம்பும் கட்டடக் கலைஞரின் கோடும்

பயணம் போன இடத்தில் ஒரு கட்டடக் கலைஞர் வரைந்த நிலக்காட்சியை எப்படி வாசிப்பது? 'நல்லா இருக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடலாம். லெ கொர்புசியேவின் இந்தியக் குறிப்பேடுகளை என்னால் அப்படிப் புரட்ட முடியவில்லை.

1911இல் இஸ்தான்புல், ஏதென்ஸ் என்று அலைந்தபோதே பார்ப்பதை நோட்டில் வரைவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. கேமரா சோம்பேறித்தனத்துக்கான கருவி, கையால் வரைந்தால்தான் பார்த்தது உள்ளே இறங்கும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கு. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு கோட்டிலும் வரைகிறவர் முடிவு செய்தாக வேண்டும். அரசியலும் அந்த முடிவிலேதான் இருக்கு.

1951 பிப்ரவரியில் சண்டிகரைத் திட்டமிட அவர் பஞ்சாபுக்கு வந்தார். சிவாலிக் மலைத்தொடர், கிராமத்து வீடுகள், மாட்டுவண்டி, காளை எல்லாம் நோட்டில் ஏறின. ஆல்பர்ட் மேயரின் முந்தைய திட்டத்தைத் திருத்தி, சில நாட்களிலேயே புதிய திட்டமும் தயாரானது. அந்த நிலம் வெற்றுக் காகிதம் இல்லை. உழுது பயிரிட்ட கிராமங்கள் அங்கே இருந்தன. அவை கையகப்படுத்தப்பட்டன, விவசாயிகள் எதிர்த்தார்கள், குடும்பங்கள் பெயர்ந்தன. நகரைச் சுற்றிய பகுதியில் கட்டடம் எழுப்புவதையும் 1952ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது.

சட்டமன்ற முகப்புக் கூரையின் வளைவில் காளைக் கொம்பைக் காண்கிறார்கள் விமர்சகர்கள். மலை பின்னணியாக நிற்கும்படி தலைமைச் செயலக வளாகம் அமைந்தது. அங்கிருந்து பார்த்தால் நகரம் கண்ணில் படாதபடி செயற்கை மண்மேடுகள் எழுந்தன. கொம்புக்கு உள்ளே இடம் கிடைத்தது. அந்தக் காளையை ஓட்டினவருக்கு?

வரைந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. சுற்றுலாப் பயணி வரைந்தால் படம் படமாகவே இருந்துவிடும். நிலத்தை மாற்றும் அதிகாரம் உள்ளவர் வரைந்தால் அதுவே முதல் சர்வே ஆகிவிடுகிறது.

ஒடுகத்தூரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே சவ்வாது மலை. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் நோட்டை எடுத்து அதைத்தான் வரைவார். விடியலில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் அதில் வருவார்களா? வந்தாலும், மலையின் உயரத்தைக் காட்ட உதவும் சிறு புள்ளிகளாகத்தானே வருவார்கள்?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அது எடுத்துச் சொல்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்றும் அத்தீர்ப்பு அறிவித்தது. இந்தச் சேதத்தைத் தொடுவானக் கோடு காட்டாது. மண்ணில் இறங்கிய உப்புக்கும் குரோமியத்துக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் உருவம் கிடையாது.

ஆகவே ஒரு நிலக்காட்சியைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்வது இது: வரைந்தவர் எங்கே நின்றார், அந்த நிலத்தை அவரால் என்ன செய்ய முடியும், அதில் வாழ்கிறவர் வரைந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பார்? பாலாற்றங்கரை விவசாயி கையில் பென்சிலைக் கொடுங்கள். அவர் மலையில் ஆரம்பிக்க மாட்டார், தன் கிணற்றடியில்தான் ஆரம்பிப்பார்.