தேடினால் பழைய பதிப்பே வருகிறதா? முதலில் பட்டியலின் தேதியைப் பாருங்க

டெபியனிலோ உபுண்டுவிலோ ஒரு மென்பொருளின் பெயரைக் கொடுத்து 'ஆப்ட் சர்ச்' அடிக்கிறீர்கள். அதன் இணையதளத்தில் புதுப் பதிப்பு வந்து மாசக்கணக்கில் ஆகிவிட்டது. டெர்மினலோ பழைய எண்ணையே காட்டுது. சிஸ்டம் கெட்டுப்போச்சா என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. ஆனால் சும்மா விட்டுவிடவும் கூடாது. எந்தப் பட்டியலைப் பார்த்து தேடலுக்குப் பதில் வருகிறதோ, அதே பட்டியலைப் பார்த்துத்தான் 'எல்லாப் பேக்கேஜும் அப்டேட்டாக இருக்கு' என்றும் சிஸ்டம் சொல்கிறது. பட்டியல் பழசு என்றால் அந்த உத்தரவாதமும் பழசு. பாதுகாப்பு ஓட்டை ஒன்று திறந்தே கிடக்கும், திரையில் 'எல்லாம் சரி' என்று வரும்.

தேடல் எங்கே நடக்கிறது?

'சர்ச்' என்ற சொல்லைக் கேட்டதும் இணையத்தில் தேடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆப்ட் தேடும்போது இணையத்துக்கே போவதில்லை. உங்கள் வட்டில் '/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்' என்ற அடைவில் ஒரு நகல் இருக்கு. அதை மட்டும்தான் படிக்கும். அந்த நகலைப் புதுப்பிப்பது 'ஆப்ட் அப்டேட்' என்ற கமாண்ட். அது எந்த மென்பொருளையும் மாற்றாது, பட்டியலை மட்டும் கொண்டுவரும். மென்பொருளை உயர்த்துவது 'ஆப்ட் அப்கிரேட்'. அப்டேட் செய்யாமல் தேடுவது போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இந்த வருஷத்துக்கு முகூர்த்தம் குறிப்பது மாதிரி.

'ஆப்ட் கிளீன்' அடித்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது ஏற்கெனவே இறக்கிவைத்த பேக்கேஜ் கோப்புகளைத்தான் அழிக்கும். பட்டியல் அப்படியேதான் இருக்கும்.

டாக்கரில் இதே விஷயம் வேறு உருவத்தில் வரும். டெபியன், உபுண்டு இமேஜ்களில் இடத்தை மிச்சம் பிடிக்க இந்தப் பட்டியலை அழித்தே வைத்திருப்பார்கள். அதனால் உள்ளே போய்த் தேடினால் ஒன்றுமே வராது. டாக்கர்ஃபைலில் அப்டேட்டைத் தனி வரியிலும் இன்ஸ்டாலை அடுத்த வரியிலும் எழுதினால், முதல் வரியின் விளைவை டாக்கர் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த முறையும் அதையே எடுத்துக் கொடுக்கும். இரண்டையும் ஒரே வரியில் எழுதச் சொல்வது அதனால்தான்.

அப்டேட் செய்தும் பழசா?

அப்போ அப்டேட் என்ன சொன்னது என்று நிதானமாகப் படியுங்க. ஒவ்வொரு வரியும் ஒரு சொல்லோடு தொடங்கும். 'கெட்' என்றால் புதுசாக ஒன்று வந்தது. 'ஹிட்' என்றால் சர்வரில் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒன்றே. 'எர்' என்றால் கிடைக்கவில்லை.

ஆபத்தான இடம் கடைசியில் இருக்கு. சில பட்டியல்கள் இறங்கவில்லை என்றால், அவற்றை விட்டுவிட்டோம் அல்லது பழையதையே பயன்படுத்திக்கொண்டோம் என்று ஆப்ட் ஒரு எச்சரிக்கை வரி போடும். நெட்வொர்க் தற்காலிகமாகத் தகராறு செய்தது போன்ற நேரங்களில் அது வெறும் எச்சரிக்கைதான். கமாண்ட் 'வெற்றி' என்றே முடியும். ஆள் உட்கார்ந்து பார்த்தால் கண்ணில் படும். ராத்திரி தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு அது தெரியவே தெரியாது.

சந்தேகம் இருந்தால் பட்டியலின் தேதியை நேரே பாருங்க. அந்த அடைவில் 'இன்ரிலீஸ்' என்று முடியும் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 'டேட்' என்று ஒரு வரி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டெபியன் ஸ்டேபிளின் முதன்மைக் களஞ்சியத்தில் சில மாசங்களுக்கு ஒருமுறை, புள்ளி வெளியீடு வரும்போதுதான் தேதி மாறும். அங்கே பழைய தேதி இருந்தால் பதறவேண்டாம். பாதுகாப்புக் களஞ்சியத்தின் தேதிதான் உண்மையைச் சொல்லும். அது பல வாரம் பின்தங்கியிருந்தால் எங்கோ அடைப்பு இருக்கு.

சர்வரே பழசு என்றால்?

பேக்கேஜ்கள் பல மிரர்களில் நகலெடுத்து வைக்கப்படுகின்றன. ஒரு மிரர் மூலத்தோடு ஒத்திசைவதை நிறுத்திவிட்டால், உங்களுக்கு 'ஹிட்' என்றே வரும். எச்சரிக்கை எதுவும் வராது. டிஜிட்டல் கையொப்பமும் சரியாகவே இருக்கும். பழைய பட்டியலும் ஒரு காலத்தில் முறையாகக் கையொப்பமிட்டதுதானே!

இது வெறும் கற்பனை பயமில்லை. 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இல்லாத ஒரு நிர்வாகியின் பெயரில் மிரர் நடத்த விண்ணப்பித்துப் பார்த்தார்கள். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே, சென்ட்ஓஎஸ் ஐந்திலும் இடம் கிடைத்தது. கையொப்பத்தை உடைக்காமலே, பழைய பட்டியலைத் தொடர்ந்து கொடுத்து ஒரு கணினியை ஓட்டையுள்ள பதிப்பிலேயே உறையவைக்க முடியும் என்று காட்டினார்கள்.

இதற்கு ஒரு மருந்து பட்டியலிலேயே காலாவதித் தேதி போடுவது. டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியத்தில் 'வேலிட்-அன்டில்' என்ற வரி அதற்குத்தான். அந்தத் தேதி கடந்துவிட்டால் ஆப்ட் அந்தப் பட்டியலை ஏற்காது. 'காலாவதியாகிவிட்டது' என்ற பிழை வரும்போது அந்தச் சோதனையை அணைத்துவிடச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அதைச் செய்யாதீங்க. முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்க. ராஸ்பெர்ரி பை 4-லும் அதற்கு முந்தையவற்றிலும் மின்சாரம் போனபின் நேரத்தைக் காப்பாற்றும் கடிகாரம் கிடையாது. அதனால் இந்த மாதிரிப் பிழைகள் அங்கே சகஜம். கடிகாரம் சரி என்றால் மிரரை மாற்றிப் பாருங்க.

வெளியீடே பழசாக இருக்கவேண்டியதுதான்

நகலும் புதுசு, மிரரும் புதுசு, இருந்தும் பழைய எண்ணா? அப்போ அது கோளாறே இல்லை, கொள்கை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் பைதான் 3.11. அந்த வெளியீட்டின் ஆயுள் முழுக்க அது 3.11 ஆகவே இருக்கும். ஸ்டேபிள் என்ற சொல்லுக்கு அங்கே 'மாறாதது' என்றுதான் பொருள்.

எண் பழசு என்பதால் ஓட்டையும் திறந்தே இருக்கு என்று முடிவுகட்டக் கூடாது. 2024 ஜூலை 1 அன்று ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 'ரெக்ரெஷன்' என்ற பெரிய ஓட்டை வெளியானது. மூல மென்பொருளில் அதற்குத் தீர்வு வந்தது 9.8 பதிப்பில். டெபியன் 12-இல் இருந்ததோ 9.2. டெபியன்காரர்கள் 9.8-க்குத் தாவவில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்து 9.2-க்குள்ளேயே தைத்து, '9.2பி1-2+டெப்12யு3' என்று வெளியிட்டார்கள். ஆக, பார்க்கவேண்டியது முன்னால் இருக்கும் 9.2 இல்லை, வாலில் இருக்கும் 'யு3'. தேடலில் 9.2 என்று கண்டதும் அவசரப்பட்டு வெளியிலிருந்து 9.8-ஐ நிறுவியவருக்கு, அடுத்த ஓட்டைக்கு டெபியனின் திருத்தம் தானாக வராது.

புதுப் பதிப்பு வேண்டியே ஆகணும் என்றால் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்க்கலாம். ஆனால் அதிலிருப்பதை ஆப்ட் தானாகத் தேர்ந்தெடுக்காது, 'மைனஸ் டி' கொடுத்து நாம்தான் கேட்கணும். எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்தில் இருக்கு, நிறுவினால் எது வரும் என்பதை 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று அடித்துப் பக்கத்தில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் காட்டும். குழப்பத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே கவலைப்படவேண்டியது ஆயுள் முடிந்த வெளியீடு. உபுண்டுவின் இடைக்கால வெளியீடுகளுக்கு ஒன்பது மாசம்தான் ஆதரவு. அப்புறம் அவற்றை வழக்கமான சர்வரிலிருந்து பழையவற்றுக்கான சர்வருக்கு நகர்த்திவிடுவார்கள். அப்டேட்டில் 404 வரத் தொடங்கும். முகவரியை மாற்றினால் 404 போய்விடும், திருத்தங்கள் வராது. வழி ஒன்றுதான்: புது வெளியீட்டுக்குப் போவது.

மற்ற லினக்ஸ்களில்

அடிப்படை ஒன்றே, பழக்கம்தான் வேறு. ஃபெடோராவின் டிஎன்எஃப் பட்டியலுக்கு வயசாகிவிட்டால் தானே புதுப்பித்துக்கொள்ளும். உடனே வேண்டுமென்றால் 'ரிஃப்ரெஷ்' தெரிவைச் சேர்க்கணும். ஆர்ச்சின் பேக்மேனில் பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரே ஒரு பேக்கேஜை நிறுவுவது கூடாது. புதுப் பேக்கேஜ் பழைய லைப்ரரிகளோடு ஒட்டாமல் போகலாம். அங்கே பட்டியலையும் சிஸ்டத்தையும் சேர்த்தே உயர்த்தணும்.

ஆக வரிசை இதுதான்: நகல், அப்டேட்டின் எச்சரிக்கைகள், கடிகாரம், மிரர், கடைசியாக வெளியீட்டின் ஆயுள். இந்த வரிசையில் போனால், எதையும் அழித்துத் திரும்ப நிறுவவேண்டிய தேவை அநேகமாக வராது. அடுத்த முறை 'எல்லாம் அப்டேட்டாக இருக்கு' என்று திரையில் வந்தால், எந்தத் தேதிப் பட்டியலின்படி என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்க.