புறாத்தீவின் காவலுக்கு யார் வரப்போகிறார்கள்?

நிலாவெளிக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் ஏறத்தாழ ஒரு கிலோ மீற்றர் தொலைவில் கற்பாறைகளும் பற்றைக்காடுமாகத் தெரிவது புறாத்தீவு. காலையில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய படகுகள் அங்கு செல்வதும் பிற்பகலில் திரும்புவதும் இப்பகுதி மக்களுக்குப் பழகிப்போன காட்சி. அதே கரையின் உட்புறத்தே, கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்திருக்கின்றது. தீவுக்கும் வளாகத்துக்கும் இடையிலுள்ள தூரம் சில கிலோ மீற்றர்களே. ஆயினும், அங்கு கற்று வெளியேறும் பட்டதாரிகளில் எத்தனை பேர் அந்தத் தீவைத் தமது தொழிலுடன் தொடர்புபடுத்திச் சிந்தித்திருப்பார்கள் என்று கேட்டால், அத்தூரம் மிக நீண்டதாகவே தோன்றுகின்றது.

2017ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் கிழக்கு மாகாணத்தின் நகரங்களில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. அரச நியமனம் கேட்பது அவர்களது உரிமை. அதில் நாம் குறை காணவில்லை. ஆனால், வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர் ஒருபுறமும், கவனிப்பதற்குப் போதிய ஆளின்றிக் கிடக்கும் கடலும் காடும் களப்பும் மறுபுறமும் இருக்க, இவ்விரண்டையும் இணைக்கும் வழிகளைப் பற்றி எமது சமூகங்கள் போதியளவு பேசுவதில்லை. அது குறித்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தீவின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். மாடப்புறாக்களின் வாழிடமாக விளங்கியதால் பெயர் பெற்ற இத்தீவு, ஆங்கிலேயர் காலத்தில் சுடும் பயிற்சிக்கான இலக்காகப் பயன்படுத்தப்பட்டது. 1963இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதன் பின்னர், 2003இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. சூழவுள்ள கடற்பரப்புடன் சேர்த்து அதன் பரப்பு ஏறக்குறைய 471 ஹெக்டெயர். சுமார் 100 வகையான முருகைகளும் 300 வகையான மீன்களும் இங்கு பதிவாகியுள்ளன. துடுப்பின் நுனி கறுத்த சுறாக்களையும் அழுங்காமை, பச்சை ஆமை முதலியவற்றையும் ஆழமற்ற நீரிலேயே காண முடிகின்றது. இலங்கையில் கடலை உள்ளடக்கிய தேசியப் பூங்காக்கள் மிகச் சிலவே என்பதால் இதன் பெறுமதி இன்னும் கூடுகின்றது.

இந்த முருகைக் கற்பாறைகள் பல சோதனைகளைக் கடந்து வந்தவை. 1970களில் முட்கிரீட நட்சத்திர மீன்கள் பெருகித் திருகோணமலைக் கடலின் முருகைகளை அரித்தன. 1998இல் கடல்நீர் வெப்பமடைந்து தென்மேற்குக் கரையோர முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தபோது, திருகோணமலைப் பகுதி பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. 2009இல் போர் முடிவுற்றதன் பின்னர் உல்லாசப் பயணிகள் பெருகினர்.

முருகை என்பது வெறுங் கல்லன்று. நுண்ணிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சேர்த்துக் கட்டும் வீடு அது. அவ்வுயிரிகளின் உடலினுள் வாழும் நுண்பாசிகளே அவற்றுக்கு உணவையும் நிறத்தையும் வழங்குகின்றன. கடல்நீரின் வெப்பம் வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை அளவு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே அப்பாசிகள் வெளியேற்றப்பட்டு முருகை வெளிறிவிடுகின்றது. உலகளாவிய நான்காவது முருகை வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தனர். இதற்கு மேலாக, இறங்கிக் குளிக்கும் ஒருவர் கால் ஊன்றினால் பல்லாண்டு வளர்ச்சி ஒரு கணத்தில் முறிந்துவிடும்.

முருகை அழிந்தால் பயணிகள் வேறு கரைக்குச் சென்றுவிடுவார்கள். ஆனால், இறக்கக்கண்டியிலும் இக்பால் நகரிலும் கோபாலபுரத்திலும் சாம்பல்தீவிலும் வாழும் மீனவர்கள் எங்கே செல்வார்கள்? கரையோர மீன்களிற் பல குஞ்சுப் பருவத்தைக் கழிப்பதும் இரை தேடுவதும் இந்த முருகைகளிடையேதான். ஆகவே இதை வெறுமனே அழகுக் காட்சி பற்றிய பிரச்சினையாகக் கருதலாகாது. இது கரையோரக் குடும்பங்களின் அடுப்பைச் சார்ந்த பிரச்சினையாகும்.

இத்தகைய இடத்தைக் காப்பதற்கு ஆண்டு முழுவதும் அருகிலிருந்து அவதானிக்கும் கண்கள் வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வந்து, தரவுகளைத் திரட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். வாடைக் காற்று வீசும் காலத்தில் என்ன நடந்தது, எந்தப் பகுதியில் வலை சிக்கிக் கிடக்கின்றது, எந்த மாதத்தில் ஆமை கரையேறியது என்பன கரையில் வாழ்பவருக்கே தெரியும். 1980களின் முற்பகுதியில் 'டியுலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் திருகோணமலைக் கடலின் திமிங்கிலங்களை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தனர். எமது கடலைப் பற்றிய அறிவு எமது பிள்ளைகளின் கைகளுக்கூடாகவும் உருவாக வேண்டாமா?

அவ்வாறாயின் இத்துறையில் உள்ள தொழில்கள் எவை? அரச துறையை எடுத்துக்கொண்டால், புறாத்தீவை நிர்வகிப்பது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். அதன் உத்தியோகத்தர்களுக்கான ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் பொலன்னறுவை மாவட்டத்தின் கிரித்தலையில் உள்ளது. நீரியல் வள ஆராய்ச்சிக்கென 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்ட 'நாரா' நிறுவனம், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சமுத்திரச் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, வனப் பாதுகாப்புத் திணைக்களம் என்பன ஏனையவை. கடல்சார் கல்விக்கென 2014ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சமுத்திரப் பல்கலைக்கழகமும் உருவாக்கப்பட்டது. இவற்றின் வெற்றிடங்கள் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவிக்கப்படுகின்றன. ஆசிரிய நியமன அறிவித்தலை வரிவரியாக வாசிக்கும் எமது இளைஞர்கள் இவற்றையும் அதே அக்கறையுடன் வாசிக்க வேண்டும்.

இது விஞ்ஞானப் பிரிவில் கற்றோருக்கு மட்டுமே உரிய துறை என்ற எண்ணம் தவறானது. பாரிய அபிவிருத்தித் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு சட்டப்படி அவசியம். அவ்வறிக்கை பொதுமக்களின் கருத்துக்காக முப்பது வேலை நாட்களுக்குத் திறந்து வைக்கப்படுகின்றது. அதனை வாசித்து மக்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்க ஆள் வேண்டும். சம்பூரில் திட்டமிடப்பட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டமைக்கு மக்களின் எதிர்ப்புடன், சுற்றாடல் அமைப்பொன்று உயர்நீதிமன்றில் தொடுத்த வழக்கும் துணைநின்றது. அங்கு தேவைப்பட்டது சட்ட அறிவு. மீனவ சங்கங்களுடன் பேசுவதற்குச் சமூகவியல் தேவை. தரவுகளைப் பகுப்பாய்வு செய்யக் கணினி அறிவும் புள்ளிவிபரவியலும் தேவை. பயணிகளுக்கு விளக்கமளிக்க மொழியறிவு தேவை. தொடர்பாடலையும் கணினி விஞ்ஞானத்தையும் போதிக்கும் வளாகம் புறாத்தீவின் எதிரிலேயே இருக்கின்றது என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

எனினும், பட்டம் மட்டும் இத்துறையின் கதவைத் திறப்பதில்லை. இங்கு தொடர்புகள் முக்கியமானவை. தொடர்பு என்றதும் அரசியல்வாதியிடம் சிபாரிசுக் கடிதம் பெறுவதே எமது நினைவுக்கு வரும். நாம் கூறுவது அதுவன்று. ஒருவரது வேலையை அதே துறையில் உள்ள இன்னொருவர் அறிந்திருப்பதே நாம் குறிப்பிடும் தொடர்பு. அது எவருடைய தயவினாலும் கிடைப்பதன்று. உழைப்பினாலேயே கிடைப்பது.

ஓர் உதாரணம் கூறலாம். இலங்கையின் திமிங்கில ஆய்வாளர் ஆஷா டி வோஸ், 2003இல் இந்து சமுத்திரத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த 'ஒடிசி' என்ற கப்பலில் தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு விடாது மடல் எழுதியே அதில் இடம் பெற்றார். அப்பயணத்தில் இலங்கைக்கு அண்மையில் நீலத் திமிங்கிலங்களைக் கண்டமை அவரது வாழ்நாள் ஆய்வாக வளர்ந்தது. 2017இல் 'ஓஷன்ஸ்வெல்' என்ற அமைப்பையும் அவர் நிறுவினார். வெளிநாட்டவர் வந்து தரவுகளை எடுத்துச் சென்று, உள்ளூரவரை வெறும் உதவியாளராக்கிவிடும் போக்கை அவர் தொடர்ந்து விமர்சித்து வருவது குறிப்பிடத்தக்கது. அந்த விமர்சனத்தை நாம் கொழும்புக்கும் கிழக்குக்கும் இடையிலும் பொருத்திப் பார்க்க வேண்டியவர்களாக உள்ளோம். கடலை அறிந்த நிலாவெளி இளைஞர் படகோட்டியாக மட்டுமே நின்றுவிட, அறிக்கை எழுதுபவர் வேறெங்கிருந்தோ வரும் நிலை மாற வேண்டும்.

இளையோர் சேரக்கூடிய அமைப்புகள் நாட்டில் ஏற்கனவே உள்ளன. 1894இல் தோன்றிய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், 1972இல் உருவான இளம் விலங்கியலாளர் சங்கம், 1976 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு இயங்கும் கள பறவையியல் குழு என்பன அவற்றுட் சில. 2021இல் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் எரிந்து மூழ்கிப் பிளாஸ்ரிக் துகள்கள் கரையொதுங்கியபோது, மணலைச் சலித்து அவற்றை அகற்றியவர்களில் இளம் தொண்டர்கள் பலர் இருந்தனர். அவ்வாறான பணியில் தோளோடு தோள் நின்றவர்களே பின்னர் ஒருவருக்கொருவர் வாய்ப்புகளை அறியத்தருபவர்களாகின்றனர்.

நாட்டுக்கு வெளியேயும் வாய்ப்புகள் உண்டு. இங்கிலாந்தின் ரஃபர்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளின் இளம் பாதுகாப்பாளர்களுக்குச் சிறு நிதியுதவி வழங்குகின்றது. அபுதாபியைத் தளமாகக் கொண்ட முஹம்மத் பின் சாயித் உயிரினப் பாதுகாப்பு நிதியம் அழிவை எதிர்நோக்கும் தனித்தனி உயிரினங்களுக்கான திட்டங்களுக்கு உதவுகின்றது. கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட மாணவர் பாதுகாப்பு விஞ்ஞான மாநாட்டின் ஆசியக் கிளை 2010 முதல் பெங்களூரில் நடைபெற்று வந்துள்ளது. இத்தகைய நிதியங்கள் விண்ணப்பத்துடன் துறைசார்ந்தோரின் பரிந்துரைகளையும் எதிர்பார்ப்பது வழக்கம். நாம் மேலே கூறிய தொடர்பின் பயன் இங்குதான் வெளிப்படுகின்றது. மூன்றாண்டுகள் ஆமை முட்டையிடும் கரையைக் கவனித்துக் குறிப்பெழுதியவருக்குப் பரிந்துரை எழுத ஆள் கிடைப்பர். விண்ணப்பம் நிரப்பும் அன்று மட்டும் ஆள் தேடுபவருக்குக் கிடைப்பது அரிது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைக்கப்பட்டது. தூத்துக்குடியில் முருகை ஆய்வுக்கென நிறுவனம் இயங்குகின்றது. 2022இல் பாக்கு விரிகுடாவில் கடற்பசுக்களுக்கான காப்பகம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அங்குள்ள ஆய்வாளர்களுடன் எமது மாணவர்கள் தமிழிலேயே உரையாடலாம் என்பது சாதாரண வசதியன்று.

தடைகளையும் மறைக்காமற் பேசுவோம். முதலாவது ஆங்கிலம். விண்ணப்பங்களும் ஆய்வுக் கட்டுரைகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பட்டம் பெற்ற பின்னர் கற்கலாம் என்று தள்ளிப்போடாது, முதலாம் ஆண்டிலேயே தொடங்குவது தவிர வேறு வழியில்லை. இரண்டாவது வருமானம். இத்துறையில் ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தங்களாகவும் தொண்டராகவுமே அமைகின்றன. வசதியற்ற குடும்பத்தின் மூத்த பிள்ளையிடம் ஊதியமின்றி உழைக்கச் சொல்வது நியாயமாகாது. ஆதலால் உதவிப்பணத்துடன் கூடிய பயிற்சி இடங்களை ஏற்படுத்துமாறு நிறுவனங்களை வற்புறுத்த வேண்டும். மூன்றாவது பெண் பிள்ளைகளின் நிலை. கடற்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத பெண்கள் பலர். தமிழ்ப் பெற்றோருக்கும் முஸ்லிம் பெற்றோருக்கும் இது குறித்துத் தயக்கங்கள் உண்டு. பெண் பயிற்றுநர்களைக் கொண்டு, ஏற்ற உடையுடன், பாதுகாப்பான நேரத்தில் நீச்சல் பயிற்சியளித்தால் அத்தயக்கத்தைக் குறைக்கலாம். களப்பு, கண்டல், பறவை, ஆய்வுகூடம் எனக் கடலில் இறங்காமலே செய்யும் பணிகளும் ஏராளம்.

நான்காவதாக ஒன்றுண்டு. அதிகம் பேசப்படாதது அது. போர்க்காலத்தில் இம்மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் கிராமங்களுக்கிடையே விழுந்த விரிசல் இன்னமும் முழுமையாக மூடப்படவில்லை. ஒருவரின் வலையை மற்றவர் சந்தேகத்துடன் நோக்கும் நிலை உள்ளது. டைனமைற் வெடித்தும் சுருக்குவலை வீசியும் கடலை வெறுமையாக்குவோர் எச்சமூகத்தவராயினும் இழப்பு இரு சமூகத்துக்கும் பொதுவே. மூதூர், கிண்ணியா இளைஞரும் நிலாவெளி, குச்சவெளி இளைஞரும் ஒரே குழுவாகக் கடலைக் கணக்கெடுப்பார்களாயின், திரட்டப்படும் தரவைவிட அவர்களிடையே வளரும் நம்பிக்கை பெரிதாக இருக்கும்.

நாம் முன்வைக்கும் யோசனை எளியது. திருகோணமலை வளாகம், வனசீவராசிகள் திணைக்களம், மீனவர் சங்கங்கள், பாடசாலைகள் ஆகியன இணைந்து மாதம் ஒரு முறை நிலாவெளியிற் கூடட்டும். அம்மாதத்தில் கண்டவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பதிவேட்டில் எழுதட்டும். மீன்களுக்கும் முருகைகளுக்கும் மீனவர் வழங்கும் பெயர்களை மாணவர்கள் சேகரிக்கட்டும். அங்கு வரும் உத்தியோகத்தர் வெற்றிடங்களை அறிவிக்கட்டும். அங்கு வரும் ஆய்வாளர் உதவியாளரைத் தெரிவு செய்யட்டும். இதற்குப் பெருநிதியோ கட்டடமோ தேவையில்லை. பள்ளிவாசல்களும் ஆலய பரிபாலன சபைகளும் இடம் கொடுத்து ஊக்குவித்தால் பெற்றோரின் நம்பிக்கையும் பெருகும்.

ஒரு காலத்தில் துப்பாக்கிக்கு இலக்காக இருந்த தீவு அது. பின்னர் நீண்ட காலம் போரினால் எட்டாத்தூரமாக இருந்தது. இன்று எல்லோரும் சென்றுவரும் இடமாகிவிட்டது. ஆனால் சென்று பார்ப்பவர் வேறு, நின்று காப்பவர் வேறு. நின்று காப்பவர்கள் எமது பிள்ளைகளாகவும், அப்பணிக்கு உரிய ஊதியமும் மதிப்பும் பெறுபவர்களாகவும் இருக்க வேண்டும் என்பதே எமது விருப்பமாகும்.